நீல மூக்கு பழுப்பாகிறது: என் ஆண் குருவி பேடாக மாறுகிறதா?

கல்லடித் தம்பி | ஞாயிறு, இரவு 8.40

வீட்டில் ஐந்து வருடமாக ஒரு சோடி லவ் பேர்ட்ஸ் இருக்கிறது. ஆண் பச்சை, பேடு மஞ்சள். ஆணின் அலகுக்கு மேலே மூக்கு நல்ல நீலம். வாங்கிய நாளில் விற்றவர் அதைத்தான் காட்டி, "நீல மூக்கு என்றால் ஆண், கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோங்கள்" என்றார். இரண்டு மாதத்துக்கு முன்பு அந்த நீலம் வெளிறத் தொடங்கியது. வயதாகிறது, மங்குகிறது என்று விட்டுவிட்டேன். இப்போது பாதி மூக்கு பழுப்பு. கூட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மண்முட்டியின் நிறம்.

போன கிழமை சந்தையில் குருவி விற்கும் ஒருவரிடம் படம் காட்டினேன். "தம்பி, இது ஆரம்பத்திலேயே பேடுதான், உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று சிரித்தார். அம்மா மாமாங்கம் கோயிலுக்கு ஒரு நேர்த்தி வைக்கச் சொல்கிறார். அக்காவின் மகள் பள்ளிக்கூடத்தில் போய், எங்கள் வீட்டுக் குருவி பெண்ணாக மாறிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். படத்தை இங்கேயும் போட்டிருக்கிறேன், யாராவது விளக்கம் தந்தால் உதவியாக இருக்கும்.

நிந்தவூர் நானா | ஞாயிறு, இரவு 9.05

முதலில் பெயரைத் திருத்துவோம் தம்பி. உங்களிடம் இருப்பது லவ் பேர்ட்ஸ் இல்லை, பட்ஜி. நம் ஊர்க் கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில் விற்று, இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. பட்ஜி அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. 1840இல் முதல் சோடி உயிருடன் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. உண்மையான லவ் பேர்ட் ஆபிரிக்காவிலும் மடகஸ்கரிலும் உள்ளது. அது தடித்த உடம்பு, குட்டை வால், கடித்தால் விரலில் இரத்தம்.

வளர்ந்த பட்ஜி ஆணுக்கு மூக்கு நீலம். பேட்டுக்கு வெள்ளை, மங்கிய சாம்பல் அல்லது பழுப்பு. முட்டையிடும் பருவத்தில் பேட்டின் மூக்கு கடும் பழுப்பாகி, காய்ந்த பொருக்கு மாதிரித் தடித்துவிடும். இது வயது வந்த பறவைக்கு. குஞ்சில் கதை வேறு, ஏமாற்று நடப்பதும் அங்கேதான். ஆண் குஞ்சின் மூக்கு ஊதா கலந்த இளஞ்சிவப்பு, முழுவதும் ஒரே சீராக இருக்கும். பேட்டுக் குஞ்சின் மூக்கோ வெளிறிய நீலம், ஆனால் துவாரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். அந்த வெளிறிய நீலத்தைக் காட்டி ஆண் என்று விற்றுவிடுவார்கள். நாலு மாதம் கழித்து மூக்கு பழுப்பானதும் வாங்கியவர் விழிப்பார்.

ஆகவே உங்களுடையது பேடுதான். இருபது வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன்.

கல்லடித் தம்பி | ஞாயிறு, இரவு 9.20

நானா, நாலு மாதத்தில் பழுப்பாகியிருந்தால் உங்கள் பேச்சை ஏற்றிருப்பேன். நாலேமுக்கால் வருடம் நீலமாக இருந்ததே. அதோடு மூன்று தடவை குஞ்சு பொரித்திருக்கிறது. மஞ்சள் பேடு முட்டிக்குள் அடைகிடக்க, இவன் வாசலில் தொங்கிக்கொண்டு வாயில் இரை ஊட்டுவான். கூட்டில் வேறு பறவை இருந்ததே இல்லை.

நிந்தவூர் நானா | ஞாயிறு, இரவு 9.31

கருக்கட்டிய முட்டை என்றால் அப்பன் ஒருவன் இருந்தாக வேண்டும். சரி, என் தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நீல மூக்கு ஆண் பழுப்பானதை என் கூட்டில் நான் கண்டதில்லை.

படுவான்கரை அக்கா | ஞாயிறு, இரவு 10.02

பட்ஜி எனக்குத் தெரியாது, கோழி தெரியும். தம்பியின் கதை போலவே எங்கள் வளவிலும் ஒன்று நடந்தது, ஆனால் மறுபக்கமாக.

எங்களிடம் ஒரு செம்புள்ளிப் பெட்டை இருந்தது. ஏழெட்டு வருடம் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, எத்தனையோ பருந்தை விரட்டிய கோழி. திடீரென்று முட்டையை நிறுத்தியது. அடுத்த இறகு உதிர்வில் கழுத்திலும் இடுப்பிலும் சேவலுக்கு வருவது போல நீண்ட கூர் இறகு வந்தது, வாலில் அரிவாள் இறகு வளைந்தது. கொண்டை பெருத்தது. ஒரு நாள் விடியற்காலை வேலியில் ஏறிக் கூவியும் விட்டது. குரல் கொஞ்சம் கரகரப்புத்தான், ஆனால் கூவல்தான்.

மாமியார் பயந்துவிட்டார். பெட்டை கூவினால் குடிக்கு ஆகாது, அறுத்துவிடு என்று நின்றார். பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா என்று பழமொழி கேட்கிறது. எங்கள் வீட்டில் அது கூவித்தான் இரண்டு வருடம் பொழுது விடிந்தது. நான் அறுக்கவிடவில்லை. அதற்கு என்ன ஆனது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

உயிரியல் ரீச்சர் | திங்கள், காலை 6.15

அக்கா, உங்கள் கோழியை நான் வகுப்பிலே கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன்.

நமக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தம் (குரோமோசோம்) இருந்தால் பெண், எக்ஸும் வையும் இருந்தால் ஆண். பறவைகளில் இது தலைகீழ். ஆணுக்குத்தான் ஒரே மாதிரி இரண்டு இசட்; பேட்டுக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. இரண்டாவது விசேஷம், கோழி போன்ற பெரும்பாலான பறவைகளில் பேட்டுக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்யும். வலப்பக்கத்தது வளராமல் ஒரு துணுக்காகக் கிடக்கும்.

மூன்றாவதுதான் அக்காவின் கேள்விக்கு விடை. சேவலின் அந்தப் பகட்டான இறகு ஆண் ஓமோனால் வருவது என்று நினைப்போம். கோழியிலும் மயிலிலும் அப்படி இல்லை. எந்த ஓமோனும் தடுக்காவிட்டால் வளர்வது சேவல் இறகுதான். பெட்டையின் சூலகம் சுரக்கும் ஈஸ்திரோஜன் என்ற பெண் ஓமோன் அதைத் தடுத்து, மங்கலான வட்ட இறகை வளரவைக்கிறது. வயதினாலோ நோயினாலோ இடது சூலகம் ஓய்ந்துபோனால் தடை விலகுகிறது. அடுத்த உதிர்வில் சேவல் இறகு முளைக்கிறது. கிழட்டுப் பெண் மயிலுக்குத் தோகை வந்ததும் இப்படித்தான். சில கோழிகளில் வலப்பக்கத் துணுக்கு விழித்துக்கொண்டு ஆண் ஓமோனைச் சுரப்பதும் உண்டு, கூவலும் கொண்டையும் அதன் வேலை. கோழியின் நிறமூர்த்தம் மட்டும் மாறுவதில்லை. கூவிய நாளிலும் அது இசட், டபிள்யூ உள்ள பெட்டைதான்.

எல்லாப் பறவைக்கும் இதே கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊர்க்குருவி ஆணின் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுப்பாவது ஆண் ஓமோனால். அந்தப் பருவம் போனதும் அலகு வெளிறிவிடும்.

தம்பியின் பட்ஜிக்குத் திரும்புவோம். பழுப்பு மூக்கு ஈஸ்திரோஜன் எழுதும் எழுத்து. ஆண் உடம்பில் அவ்வளவு ஈஸ்திரோஜன் எங்கிருந்து வந்தது? அது எனக்குக் கவலையைத் தருகிறது. பறவை வைத்தியம் தெரிந்தவர் யாராவது சொல்லட்டும்.

காத்தான்குடிப் புறா | திங்கள், காலை 9.48

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். புறாவில் இந்த நிறக் கணக்கெல்லாம் கிடையாது. கழுத்தை உப்பி, வாலை நிலத்தில் இழுத்துச் சுற்றிச் சுற்றிக் குமுறுவது ஆண். அதிலும் திமிர் பிடித்த பேடு அப்படியே செய்து நம்மை முட்டாளாக்கும். நான் முட்டையை எண்ணுவேன். ஒரு சோடி இரண்டு முட்டைதான் இடும். கூட்டில் நாலு கிடந்தால் இரண்டும் பேடு. முட்டையே இல்லாமல் நாளெல்லாம் சண்டை என்றால் இரண்டும் ஆண்.

வாழைச்சேனை வாசகி | திங்கள், காலை 11.10

நாலு முட்டைக்கே இப்படி என்றால் என் கதையைக் கேளுங்கள். நானா சொன்ன உண்மையான லவ் பேர்ட் ஒரு சோடி வாங்கினேன், பீச் நிற முகம். பத்து முட்டை. அயலில் எல்லோருக்கும் குஞ்சு தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். இருபத்துமூன்று நாள் போனது, முப்பது நாள் போனது, ஒன்றும் பொரிக்கவில்லை. இரண்டும் பேடு. இரண்டும் மாறி மாறி ஒன்றுக்கொன்று இரை ஊட்டி, ஒரே கூட்டில் சேர்ந்து அடைகிடந்தன. அதைவிட ஒற்றுமையான குடும்பத்தை நான் கண்டதில்லை.

சாய்ந்தமருது இளைஞன் | திங்கள், காலை 11.26

இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். வாலடியில் இரண்டு முள் மாதிரி எலும்பு தட்டுப்படும். நெருக்கமாக இருந்தால் ஆண், விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பேடு.

நிந்தவூர் நானா | திங்கள், பகல் 12.50

இந்த இடுப்பெலும்புக் கதையால் நொந்துபோனவன் நான். முட்டையிடப்போகும் பேட்டுக்கு அந்த எலும்பு விரியும், உண்மை. இளம் பேட்டுக்கும் பருவமில்லாத பேட்டுக்கும் ஆணைப் போலவே நெருக்கமாகத்தான் இருக்கும். விரியாத பேட்டை ஆண் என்று நம்பி நான் சோடி சேர்த்தவை எத்தனை என்று சொன்னால் வெட்கம். அழுத்திப் பார்க்கும்போது வயிற்றுக்குள் முட்டை இருந்தால் உடைந்தும் போகும்.

பீச் முகத்துக்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. தென்னோலையோ கடதாசியோ கூட்டுக்குள் போடுங்கள். பேடு அதை நீள நீளமாகக் கீறி, இடுப்பு இறகுக்குள் சொருகிக்கொண்டு கூடு கட்டப் போகும். ஆணும் சில வேளை முயற்சி செய்யும், ஆனால் வழியெல்லாம் விழுத்திவிட்டு வெறுங்கையோடு போய் நிற்கும். இதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. உறுதி வேண்டுமென்றால் பிடுங்கிய இறகின் வேரிலிருந்து மரபணுச் சோதனை செய்ய வேண்டும்.

கொக்கட்டீல் என்ற கொண்டை வைத்த சிறு கிளி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சாதாரண சாம்பல் நிறத்தில் முகம் பளிச்சென்று மஞ்சளானால் ஆண். பேட்டுக்கு முகம் சாம்பல் ஓடியிருக்கும், வாலின் அடிப்பக்கத்தில் குறுக்குவரி நிற்கும். முதல் இறகு உதிர்வு வரை எல்லாக் குஞ்சும் பேடு போலத்தான் தெரியும், அதனால் ஆறு மாதத்துக்கு முன் யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

கொம்புச்சந்தி | திங்கள், பிற்பகல் 2.05

பச்சைக்கிளியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் கிளிக்கு ஒன்றரை வயது, கழுத்தில் வளையம் இல்லை. பேடு, அதனால் பேசாது என்கிறார்கள். உண்மையா?

நிந்தவூர் நானா | திங்கள், பிற்பகல் 2.30

இரண்டும் தவறு. கறுப்பும் ரோசாவும் கலந்த அந்த வளையம் ஆணுக்கு முழுதாக விழ மூன்று வயது வரை ஆகலாம். அதுவரை பேடு போலவே இருக்கும். பச்சைக்கிளியில் பேடும் நன்றாகப் பேசும். பட்ஜியில்தான் ஆண் பேச்சில் கெட்டி.

வட்டவிதானையார் பேரன் | திங்கள், மாலை 5.40

கூட்டுப் பறவையை விட்டுக் கொஞ்சம் வயலுக்கு வாருங்கள்.

நாம் எல்லோரும் குயில் கூவுகிறாள் என்று எழுதிப் பழகிவிட்டோம். கூவுவது ஆண். கறுத்த உடம்பு, சிவந்த கண், சித்திரை மாதத்தில் கேட்கும் அந்தக் குரலுக்கு உரியவன் அவன். பேடு கபில நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் வரியும். அதைக் காட்டிக் கேட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் வேறு ஏதோ பறவை என்பார்கள். காகத்தின் கூட்டில் முட்டையிட வேண்டியவள் அவள். அவன் கூவிக் காகத்தைத் திசைதிருப்ப, அவள் சத்தமில்லாமல் காரியத்தை முடிப்பாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது மயில் உள்ளான். வயல் ஓரத்துச் சேற்றுப் புல்லில் பதுங்கித் திரியும். இரண்டு பறவை நிற்கும், ஒன்று கழுத்தெல்லாம் செங்கபிலம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், பெரிய உடம்பு. மற்றது மங்கல், புள்ளி புள்ளியாக, வைக்கோலோடு வைக்கோலாக. பகட்டானதை ஆண் என்றுதான் சின்ன வயதில் நானும் நினைத்தேன். அது பேடு. முட்டையை இட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகிடப்பது, குஞ்சுகளைச் சேற்றில் நடத்திக் காப்பது எல்லாம் அந்த மங்கலானவர்தான். குளத்தில் தாமரை இலை மேல் நடக்கிற நீளவால் இலைக்கோழியும் இதே வழக்கம். நிறத்தில் இரண்டும் ஒன்று, பேடு பெரியது, அடைகிடப்பது ஆண்.

தாத்தா அந்தப் பகட்டான உள்ளானைப் பேச்சில் போடியார், அதாவது ஆள் வைத்து வயல் செய்விக்கும் சொந்தக்காரர், என்பார். அது பேடு என்று நான் சொன்னபோது, "இருந்தால் என்ன, வேலையை ஆளிடம் விட்டுவிட்டுத் திரிகிறதுதானே" என்றார்.

படுவான்கரை அக்கா | திங்கள், இரவு 7.15

மங்கலானவர்தான் அடைகாக்கிறவர் என்பதைக் கவனித்தீர்களா? அடையிலே கிடப்பது ஆணோ பேடோ, கண்ணில் படாமல் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. என் கோழிகளைப் பருந்திடம் இருந்து காப்பாற்றியவளுக்கு இது விளங்கும்.

மாட்டு வைத்தியர் | திங்கள், இரவு 9.50

என் சேவைக்காலம் முழுவதும் எருமையும் மாடும்தான். பறவை எப்போதாவது ஒன்று மேசைக்கு வரும். ஆனால் தம்பியின் கேள்வியை இத்தனை பேர் சேர்ந்து வயலுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டீர்கள். அது அவசரமான கேள்வி.

தம்பி, பறவை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? கம்பில் பிடி தளர்கிறதா?

நடுவயதுப் பட்ஜி ஆணின் மூக்கு நீலத்திலிருந்து பழுப்பானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விதையில் கட்டி. பறவையின் விதை வெளியே இல்லை, முதுகெலும்பை ஒட்டிச் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உள்ளே இருக்கிறது. அங்கே வரும் ஒருவகைக் கட்டி ஈஸ்திரோஜனைச் சுரக்கும், மூக்கு பழுப்பாகும். ரீச்சர் சரியான இடத்தில் கையை வைத்தார். கட்டி பெருத்தால் அந்த வழியாகக் காலுக்குப் போகும் நரம்பை நெரிக்கும். ஒரு கால் மட்டும் வலுவிழக்கும். வீட்டில் அதைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போடுவார்கள்.

குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொன்று உண்டு. மூக்கிலும் அலகிலும் வெள்ளையாக, தேன்கூடு மாதிரித் துளை துளையாகப் பொருக்கு ஏறினால் அது உண்ணி. அதற்கு மருந்து இருக்கிறது, குணமாகும். படத்தில் அப்படித் தெரியவில்லை.

இன்றே செய்யக்கூடியவை: சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், சாதாரண பட்ஜி 30 முதல் 40 கிராம். நெஞ்செலும்பு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் மெலிந்துவிட்டது. வயிற்றை அழுத்த வேண்டாம். கம்பைப் பதித்துக் கட்டி, இரையையும் தண்ணீரையும் தரையோடு வையுங்கள். பிறகு வைத்தியரிடம் கொண்டுபோங்கள், மத்தியான வெயிலில் பஸ்ஸில் வேண்டாம், காலையில் போங்கள்.

கல்லடித் தம்பி | திங்கள், இரவு 10.12

இடது கால். மூன்று கிழமையாகத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. தூங்கும்போது எல்லாப் பறவையும் அப்படித்தானே என்று இருந்துவிட்டேன். அம்மா நல்லெண்ணெய் தடவினார்.

நிந்தவூர் நானா | செவ்வாய், காலை 5.55

தம்பி, ஞாயிறு அன்று நான் இருபது வருடக் கதை பேசி உங்களைப் பேடு வாங்கியவர் ஆக்கினேன். பொறுத்துக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் போக மோட்டார் சைக்கிள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கல்லடியில் என் மச்சான் இருக்கிறார்.

கல்லடித் தம்பி | வியாழன், இரவு 8.20

போய்வந்தோம். நிறை 31 கிராம். வைத்தியர் மெதுவாகத் தொட்டுப் பார்த்து, இடப்பக்கம் ஏதோ தட்டுப்படுகிறது, கட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்றார். இந்த அளவு உடம்பில் கத்தி வைப்பதைத் தான் சொல்ல மாட்டேன் என்றார். வலிக்கு ஒரு துளி மருந்து தந்திருக்கிறார், நாளுக்கு இரண்டு தடவை. எவ்வளவு காலம் என்று கேட்டேன். கையை விரித்தார்.

கம்பை அடித்தட்டிலிருந்து இரண்டு அங்குலத்தில் கட்டிவிட்டேன். தினையைத் தட்டத்தில் பரப்பி வைத்திருக்கிறேன். மஞ்சள் பேடு முதல் நாள் மேலே ஏறிக் கத்திக்கொண்டிருந்தது. நேற்று இரவு பார்த்தேன், அதுவும் இறங்கி வந்து கீழ்க் கம்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்று விடிய இவன் அதன் தலையைக் கோதிவிட்டு, இரை கக்கி ஊட்டப் பார்த்தான்.

அக்காவின் மகளிடம், அவன் பெண்ணாக மாறவில்லை, அவனுக்குச் சுகமில்லை என்று சொன்னேன். அப்படியென்றால் மூக்கு ஏன் பொய் சொல்கிறது என்று கேட்கிறாள். ரீச்சர், இதற்கு ஒரு பதில் எழுதித் தாருங்கள்.

உயிரியல் ரீச்சர் | வியாழன், இரவு 8.47

மூக்கு பொய் சொல்லவில்லை. உள்ளே ஈஸ்திரோஜன் கூடிவிட்டது என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நாம்தான் அதை ஆண், பெண் என்று மட்டும் வாசித்தோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று நாளைக்கு யோசித்து எழுதுகிறேன்.

புதிய உறுப்பினர், திருக்கோவில் | வியாழன், இரவு 9.30

என்னிடம் முழு வெள்ளைப் பட்ஜி ஒன்று, சிவப்புக் கண், மூக்கு இளஞ்சிவப்பு. இரண்டு வயது. இதுவும் நோயா?

நிந்தவூர் நானா | வியாழன், இரவு 9.41

பயப்பட வேண்டாம். முழு வெள்ளை, முழு மஞ்சள், சில வகைத் திட்டு நிறப் பட்ஜி ஆண்களுக்கு மூக்கு நீலமாவதே இல்லை, சாகும்வரை இளஞ்சிவப்புத்தான். மூக்கு மழமழவென்று சீராக இருந்தால் ஆண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், மின்குமிழ் வெளிச்சத்தில் எடுத்தால் எல்லா மூக்கும் ஒன்றாகத்தான் தெரியும்.

கல்லடித் தம்பி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அந்தப் பக்கம் வருகிறேன். கடற்கரையில் பொறுக்கிய கணவாய் ஓடு நிறைய இருக்கிறது, உப்புப் போக ஊறவைத்து வைத்திருக்கிறேன். பேட்டுக்குக் கொறிக்க ஒன்று கொண்டுவருகிறேன்.